நத்தாருக்கு முன் ஏழு நாள் குழப்படி: எங்கள் படக்கதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் வந்தால் இலங்கையின் வடக்கே வன்னியில் முன்பள்ளிகளிலும் வாசிகசாலைகளிலும் நாங்கள் சிறு பிள்ளைகளுக்கு ஒரு படக்கதை வாசித்துக் காட்டுகிறோம். கையால் வரைந்து, நூலால் தைத்த 24 பக்கப் புத்தகம். வாசித்து முடிந்ததும் பெற்றோரும் டீச்சர்மாரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை என்ன?

சின்னிக்கு ஆறு வயது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் அம்மா, அப்பா, அம்மம்மா, ஒரு ஆட்டுக்குட்டி எல்லாரோடும் இருக்கிறாள். டிசம்பர் 18 தொடக்கம் 24 வரை நாளுக்கு ஒரு குழப்படி. இடது பக்கத்தில் சின்னி தன் வாயால் சொல்லும் ஒரேயொரு வரி இருக்கும். வலது பக்கம் முழுக்கப் படம். வரியைக் கேட்டால் அவள் தங்கமான பிள்ளை. படத்தைப் பார்த்தால் தலையில் கை வைக்கவேண்டும்.

"இண்டைக்கு அம்மம்மாவுக்குப் பயத்தம் உருண்டை பிடிக்க உதவி செய்தனான்" என்கிறாள். படத்தில் பேணியில் பாதி காலி, கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது. குறைந்த இடத்தை நிரப்ப முற்றத்துச் சேற்றை உருட்டி, அதன்மேல் பயத்தம் மா தூவிக்கொண்டிருக்கிறாள். அடுத்த நாள், "நத்தார் தாத்தாவின்ரை தாடியைத் தோய்ச்சு வெளுக்க வைச்சனான்." உடுப்புக்குப் போடுகிற நீலத்தை ஒரு பக்கெற் முழுதாகக் கொட்டியிருக்கிறாள். கொடியில் தொங்குகிற தாடி வானம் மாதிரி நீலம். மூன்றாம் நாள் ஆட்டுக்குட்டியைக் கோயிலுக்கு ஒத்திகைக்குக் கூட்டிப்போகிறாள். அது பாலன் குடிலின் வைக்கோல் கூரையில் தொடங்கி, சம்மனசு (தேவதூதர்) வேடம் போட்ட பிள்ளையின் கடதாசிச் சிறகில் கொண்டுவந்து முடிக்கிறது.

24ஆம் திகதி மழை. கோயில் அலுமாரியில் தனியே கிடக்கும் பாலன் யேசுவுக்குக் குளிரும் என்று சொரூபத்தைத் தூக்கி வந்து, அப்பாவின் பெனியனால் சுற்றி, குசினியில் அரிசிப்பானைக்குள் வைத்துவிடுகிறாள். நள்ளிரவுப் பூசையில் ஃபாதர் பாலனைத் தேடுகிறார், கோயிலைப் பராமரிக்கும் சங்கிலித்தாம் தேடுகிறார், ஊரே தேடுகிறது. கடைசியில் சின்னியே பானையோடு வருகிறாள். பிறகு நீலத் தாடியோடு வந்த நத்தார் தாத்தாவுக்கு அம்மம்மா ஆசையாகப் பலகாரப் பேணியைத் திறந்து நீட்டுகிறார். அவர் எந்த உருண்டையை எடுத்துக் கடிக்கிறார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதைப் பார்த்துப் பிள்ளைகள் குழப்படி பழகமாட்டார்களா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. மண் உருண்டையைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைக்கு, பேணிக்குள் மண் வைக்கக்கூடாது என்பது முதலே தெரியும். தெரியாவிட்டால் சிரிப்பே வராது. சின்னி "உதவி செய்தனான்" என்று சொல்லும்போது நான்கு வயதுப் பிள்ளைகள் பாயிலிருந்து எழும்பி நின்று "பொய்! பொய்!" என்று கத்துகிறார்கள். சரி எது, பிழை எது என்று அவர்களே தீர்ப்புச் சொல்கிற நேரம் அது. நாங்கள் வாயால் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த வேகம் வந்திருக்காது.

அதோடு, குழப்படிக்காரப் பிள்ளையைக் கொண்டாடுவது தமிழுக்குப் புதிதா என்ன? வெண்ணெய் திருடிய கண்ணனையும், ஊரெல்லாம் வந்து முறையிட வாயடைத்து நிற்கும் யசோதையையும் பெரியாழ்வார் பாடிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. நம் பக்கத்தில் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்காக எழுதிய பாட்டுகளை இன்றைக்கும் அம்மம்மாமார் சிரிப்போடு சொல்லிக் கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் 1844இல் ஹைன்ரிக் ஹோப்மன் என்ற பிராங்க்பர்ட் மருத்துவர் தன் மூன்று வயது மகனுக்கு நத்தார் பரிசாகப் படப்புத்தகம் வாங்கப் போனார். கடையில் இருந்தவை எல்லாம் சப்பென்று புத்தி சொல்லும் புத்தகங்களாக இருந்ததால், வெறும் கொப்பி ஒன்றை வாங்கி வந்து குழப்படிப் பிள்ளைகளைப் பற்றித் தானே எழுதி வரைந்துவிட்டார். அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது. அவருடைய கதைகளில் வரும் தண்டனைகள் பயங்கரமானவை, அந்த வழியில் நாங்கள் போகவில்லை. ஆனால் வெறும் கொப்பியை எடுத்து உட்கார்ந்தாரே, அது எங்களுக்குப் பிடித்திருந்தது.

ஒன்றிரண்டு பிள்ளைகள் வீட்டுக்குப் போய் மண் உருண்டை உருட்டிப் பார்ப்பார்கள். உருட்டட்டும். வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டு, பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ விடுங்கள்.

எல்லாக் குழப்படியும் கதையில் வருமா?

வராது. சிலவற்றை முதல் நாளிலேயே விலக்கி வைத்தோம். சின்னி நெருப்புப் பெட்டியைத் தொடமாட்டாள், சீனிவெடி கொளுத்தமாட்டாள். எங்கள் வளவுகளில் கட்டில்லாத கிணறு இன்னமும் இருக்கிறது. அதனால் தாடி தோய்க்கும் படத்தில் அவள் வாளித் தண்ணீரோடு குசினிப் படியில் இருக்கிறாள், கிணற்றடிக்குப் போகவேயில்லை. கடலில் இறங்கமாட்டாள்.

இன்னொன்று, வன்னிக்கென்றே உள்ளது. பற்றைக்குள் கிடக்கிற பொருளைத் தூக்கிப் பார்ப்பது, புதைந்திருப்பதைக் கிண்டி எடுப்பது, இரண்டும் இந்தக் கதையில் இல்லை. புதையல் தேடுகிற ஒரு நாளைச் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு டீச்சர் சொன்னார். வேறு ஊரில் அது நல்ல யோசனைதான். மிதிவெடியும் வெடிக்காத குண்டும் எடுத்துத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கிற மண்ணில், தெரியாத பொருளைத் தொடாதே என்று பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில், அதைச் சிரிப்பாக்க முடியாது.

"குழப்படி செய்தால் நத்தார் தாத்தா வரமாட்டார்" என்று ஒரு பக்கம் போட்டால் என்ன?

போடமாட்டோம். இந்தப் புத்தகத்தை நாங்களே செய்யத் தொடங்கியதற்குக் காரணமே அதுதான்.

வெளியிலிருந்து வரும் நத்தார் கதைகள் பலவற்றில் தாத்தாவின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். நல்ல பிள்ளைக்குப் பரிசு, கெட்ட பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அல்லது ஒரு கரித்துண்டு. அதை அப்படியே எடுத்து வந்து முல்லைத்தீவிலோ பூநகரியிலோ வாசித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டிசம்பர் எங்களுக்கு மாரி. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் குழம்பியிருக்கும், பல நாட்கள் வள்ளம் இறங்காது. வயலில் காலபோக நெல் பச்சையாக நிற்கிறது, வெட்டிக் காசாக்க மாசி ஆகிவிடும். மழை என்றால் கூலி வேலையும் இல்லை. வருசத்தில் கை மிகவும் இறுகிப்போன நேரத்தில்தான் நத்தார் வருகிறது. ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் புதுச்சட்டையும் சைக்கிளும் கிடைக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு டொபிப் பக்கெற்றும் கிடைக்காமல் போகும். இரண்டு பிள்ளையும் ஒரே முன்பள்ளியில் ஒரே பாயில் இருந்து இந்தக் கதையைக் கேட்கிறார்கள்.

பரிசு நல்ல பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நாம் சொல்லி வைத்தால், பரிசு கிடைக்காத பிள்ளை அதிலிருந்து என்ன விளங்கிக்கொள்ளும்? அப்பாவுக்குத் தொழில் இல்லை என்றா? நான் கெட்ட பிள்ளை என்றுதான் விளங்கிக்கொள்ளும். அப்படியொரு கணக்கை ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றி வைக்க எந்தக் கதைக்கும் உரிமை இல்லை.

அதனால் எங்கள் கதையில் தாத்தாவிடம் பட்டியல் இல்லை. ஒரு சாக்கும், எல்லாருக்கும் ஒரே அளவான டொபிப் பொட்டலங்களும்தான். சிறகு இழந்த சம்மனசுக்கும் ஒன்று, சின்னிக்கும் ஒன்று. ஆட்டுக்குட்டி தனக்கென்று ஒன்றைத் தானே எடுத்துக்கொள்கிறது.

அப்படியென்றால் சின்னி செய்ததற்கு விளைவே இல்லையா?

இருக்கிறது. நத்தார் அன்று காலையில் அவள் அம்மம்மாவோடு குந்தியிருந்து பயறு வறுத்து, திரும்ப உருண்டை பிடிக்கிறாள். சிறகு போன பிள்ளைக்குப் புதுச் சிறகு வெட்டி ஒட்டிக் கொடுக்கிறாள். கெடுத்ததைத் திருத்துகிற வேலை அவளுடையது, நத்தார் எல்லாருடையது. இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப்போடாமல் வைத்திருக்கிறோம். அம்மம்மா காதைத் திருகுவதாக முதலில் ஒரு படம் இருந்தது. வாசித்துப் பார்த்தபோது பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் மட்டும் சிரிக்கவில்லை, எடுத்துவிட்டோம்.

அந்தப் பட்டியலும் கரித்துண்டும் எங்கிருந்து வந்தன?

நத்தார் தாத்தாவுக்கு மூலமாகச் சொல்லப்படும் புனித நிக்கலஸ், 4ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயர். தேவைப்பட்டவர்களுக்கு இரகசியமாக உதவி செய்தவர் என்பதுதான் அவரைப் பற்றிய கதை, கணக்குப் பார்த்துக் கொடுத்தவர் என்று இல்லை. அவருடைய திருநாள் டிசம்பர் 6. பயமுறுத்தும் பகுதி பிற்காலத்தில் ஐரோப்பிய ஊர்வழக்கங்களிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரியா, பவேரியாப் பக்கங்களில் டிசம்பர் 5 இரவு கொம்பு வைத்த கிராம்புஸ் பிரம்போடு வருவான். இத்தாலியில் பெஃபானா என்ற கிழவி குழப்படிக்காரருக்குக் கரித்துண்டு வைத்துவிட்டுப் போவாள். எனக்கு மிகவும் பிடித்தவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். அங்கே நத்தாருக்கு முன் 13 இரவுகளில் 13 பேர் ஒவ்வொருவராக மலையிலிருந்து இறங்கி வருகிறார்கள். குழப்படி செய்கிறவர்களே அவர்கள்தான்! ஒருவன் கரண்டியை நக்குவான், ஒருவன் கதவைப் படாரென்று அடிப்பான், ஒருவன் மெழுகுதிரியைத் திருடுவான். ஆனால் அவர்களும் கெட்ட பிள்ளையின் சப்பாத்துக்குள் அழுகிய உருளைக்கிழங்கு வைத்துவிடுவார்களாம். நாளுக்கு ஒரு குழப்படி என்ற எங்கள் அமைப்புக்கு அவர்களிடமும் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம். உருளைக்கிழங்கை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம்.

பாலனைப் பானைக்குள் ஒளிப்பது மரியாதைக் குறைவு இல்லையா?

கோயிலில் வாசிக்கும் முன் பங்குத்தந்தையிடம் காட்டிக் கேளுங்கள், அது நல்ல பழக்கம். கதையில் அவள் பாலனை ஒளிக்கவில்லை, குளிருக்குப் பாதுகாத்து வைக்கிறாள். வீட்டிலேயே சூடான இடம் எது? அடுப்படிதான். விலை மதிப்பான பொருள் எங்கே இருக்கும்? அரிசிப்பானையில். ஆறு வயதுப் பிள்ளையின் நியாயத்தில் இதற்கு மேல் என்ன மரியாதை செய்ய முடியும்? இடம் கிடைக்காமல் மாட்டுத்தொழுவத்தில் பிறந்த குழந்தையைப் பற்றித்தான் கோயிலில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நாங்கள் சைவக்காரர். எங்கள் பிள்ளைக்கு வாசிக்கலாமா?

தாராளமாக. வாசிப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பங்கு சைவப் பிள்ளைகள்தான். அந்த மாதத்தில் ஒரு வீட்டில் பிள்ளையார் பெருங்கதை நடக்கும், அடுத்த வீட்டில் நட்சத்திரக் கூடு தொங்கும், விடியப்புறம் திருவெம்பாவைச் சங்கு கேட்கும், இரவில் கரோல் கோஷ்டி ட்ராக்டர் பெட்டியில் வரும். கரோல்காரர் சைவ வீட்டுப் படலையையும் தட்டுவார்கள், அங்கேயும் தேத்தண்ணி கிடைக்கும். கதையில் நட்சத்திரக் கூட்டைச் செய்து கொடுப்பது பக்கத்து வீட்டுச் சைவ மாமாதான். குடில், பூசை, சம்மனசு பற்றித் தெரியாத பிள்ளைக்கு வாசிக்கும் முன் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள், போதும்.

படத்தில் பனியும் கலைமானும் ஏன் இல்லை?

எங்கள் நத்தாரில் இருப்பது மழை. 2018இல் நத்தாருக்குச் சில நாட்களுக்கு முன்தான் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் வெள்ளம் நின்றது. தாத்தா லாண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு ட்ராக்டரில்) வருகிறார், சில்லு சேற்றில் புதைகிறது, எல்லாரும் இறங்கித் தள்ளுகிறார்கள். மரம் சவுக்கங்கிளை. இவற்றைப் பிள்ளைகள் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார்கள்.

எந்த வயதுக்கு? எப்படி வாசிக்க வேண்டும்?

மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை. மூன்றுக்குக் கீழே என்றால் ஆட்டுக்குட்டியைக் காட்டி விளையாடலாம், கதை பிடிபடாது.

வாசிப்பதில் ஒரே ஒரு விசயம் முக்கியம். வரியை வாசித்தபின் வாயை மூடிக்கொண்டு இருங்கள். "பாருங்கோ, சின்னி என்ன செய்யிறாள்?" என்று கேட்கவே வேண்டாம். முகத்தில் சிரிப்பும் காட்டக்கூடாது. சின்னியை நீங்கள் முழுக்க நம்புகிறீர்கள் என்று பிள்ளைகள் நினைக்கவேண்டும். படத்தைப் பார்க்க அவர்களுக்கு நேரம் வேண்டும், முதலில் ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும், அது பக்கத்துப் பிள்ளையை இடிக்கும், பிறகு பாய் முழுக்கச் சத்தம். கடைசிப் பகுதியில் ஃபாதர் குடிலுக்குப் பின்னால் குனிந்து தேடும் பக்கம் வந்தால் "பானைக்குள்ளை! பானைக்குள்ளை!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். நீங்கள் காது கேளாதவர் போலப் பக்கத்தை மெல்லப் புரட்டுங்கள். பெரியவர்களுக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்திருப்பதுதான் ஒரு சின்னப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய சந்தோசம். அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் கூடுதலாக இருந்தால் பின்வரிசைக்குப் படம் தெரியாது. பக்கங்களை ஏ3 அளவில் பெருப்பித்து எடுத்து, அட்டையில் ஒட்டிக் காட்டுங்கள்.

என் பிள்ளைக்கு நத்தார் தாத்தா என்றாலே பயம். என்ன செய்வது?

பயப்படாமல் என்ன செய்யும்? இரவு ஒன்பது மணிக்கு, மேள அடியோடு, பிளாஸ்டிக் முகமூடி போட்ட பெரிய ஆள் ஒருவர் குதித்துக்கொண்டு முற்றத்துக்குள் வருகிறார். எங்கள் கதையில் தாத்தாவுக்கு முகமூடி கிடையாது, வெறும் தாடி, அதுவும் நீலம். முகம் தெரிவதால் அது வள்ளத்து மாமா என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கரோல் கோஷ்டிகளிடமும் இதைத்தான் கேட்கிறோம்: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் முகமூடியைக் கழற்றிவிட்டு வாருங்கள். அழுகிற பிள்ளையை இழுத்து வந்து தாத்தாவின் கையில் கொடுத்துப் படம் எடுக்கவேண்டாம்.

கதை ஏன் 25ஆம் திகதி காலையோடு நின்றுவிடுகிறது?

அடுத்த நாள் எங்களுக்கு வேறு நாள். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, நத்தார் பலகாரம் முடியாத வீடுகளுக்குள் கடல் வந்தது. முல்லைத்தீவுக் கரையில் அன்று பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் பல. ஒவ்வொரு வருசமும் அந்தக் காலையில் விளக்கேற்றுகிறோம். அதனால் கரையோர ஊர்களில் இந்தப் புத்தகத்தை 18க்கும் 24க்கும் இடையில்தான் வாசிக்கிறோம், 26 அன்று எடுப்பதில்லை. அம்மம்மாமார் சிலர் வாசிப்புக்கு வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் இருப்பார்கள். அவர்களும் வயிறு குலுங்கச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிரிக்கலாமா என்று யாரும் அவர்களிடம் கேட்கத் தேவையில்லை.

இப்படி ஒரு புத்தகம் நாங்களே செய்யலாமா?

செய்யுங்கள். ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். ஆறு தாள் என்றால் 24 பக்கம், எட்டு என்றால் 32. கடைப் படப்புத்தகங்கள் பல 32 பக்கமாக இருப்பதும் தாளை மடித்து வெட்டும் கணக்கால்தான். முதலில் சின்னத் தாளில் மாதிரி ஒன்று மடித்துப் பக்க எண் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எந்தப் பக்கத்தின் பின்னால் எது வரும் என்பது குழம்பிவிடும். மடிப்பில் மூன்று துளை போட்டுத் தடித்த நூலால் தைத்தால் சாதாரண ஸ்ரேப்ளர் எட்டாத கவலை இல்லை. மாரி ஈரத்தில் இங்க்ஜெட் மை கசியும், போட்டோக் கொப்பி கசியாது. அட்டையை மட்டும் லாமினேற் செய்துவிடுங்கள்.

குழப்படிகளை உங்கள் ஊரிலிருந்து எடுங்கள். குளத்தோரம் என்றால் வேறு குழப்படி, வயற்கரை என்றால் வேறு. அம்மம்மாமாரிடம் அவர்கள் சின்ன வயதில் செய்ததைக் கேட்டால் ஒரு புத்தகம் போதாது.

உங்கள் புத்தகத்தைக் கொப்பி எடுக்கலாமா?

எடுக்கலாம், விற்கக்கூடாது. ஆட்டுக்குட்டியைக் கன்றுக்குட்டி ஆக்குவதோ ஊரை மாற்றுவதோ உங்கள் விருப்பம். தாத்தாவின் கையில் பட்டியல் கொடுப்பதற்கு மட்டும் சம்மதம் இல்லை. நிறம் தீட்டாத பக்கங்களும் இருக்கின்றன, முன்பள்ளிகள் அவற்றைத்தான் அதிகம் கேட்கின்றன. தீட்டக் கொடுக்கும்போது நீலப் பென்சில் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தாடிக்கு வந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும்.